இடுப்பு வெட்டாத கவுன்

லும்பான்
21 பிப்ரவரி 1983

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

முதலில் என் கால்சட்டை விஷயம். பெண் கேட்டு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, உங்களுக்கு நாற்காலி இழுத்துப் போடக் குனிந்தேன். அப்போது கேட்ட சத்தம் நாற்காலியுடையது அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். உடனே விசிறியை விரித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி. ஊருக்கெல்லாம் பூத்தையல் போடுகிறவன் தன் கால்சட்டையின் பின்புறத்தை இரண்டு ஊக்கு வைத்துச் சமாளித்திருந்தான் என்பதை வேறு எப்படிச் சொல்வது? லிகாயா இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை. "அப்பா, அவங்க பொண்ணு பாக்க வந்தாங்க. நீ எதைக் காட்டின?" என்கிறாள்.

நீங்கள் வாங்கி அனுப்பிய அன்னாசி நார்த் துணி வந்தது. வெங்காயத் தோல் மாதிரி இருக்கிறது. மூச்சு விட்டால் பறக்கிறது. எங்கள் வீட்டில் ஊசி என்னுடையது, கத்தரி என் மனைவியுடையதாக இருந்தது. அவள் போய் ஆறு வருஷம் ஆயிற்று. இப்போது இரண்டும் என் கையில். கவுனை வெட்டி முடித்துச் சட்டத்தில் மாட்டிவிட்டேன். கழுத்தைச் சுற்றி மல்லிகைக் கொடி போகிறது.

கல்யாணத் துணியில் ஒரு துண்டுகூட வெளியாள் கைக்குப் போகக் கூடாது, வெட்டியது அத்தனையும் திரும்பி வர வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். வெறும் துண்டுகளை உறையில் திணித்து அனுப்ப மனம் வரவில்லை. அதனால் இந்தப் பொட்டலம். மோதிரம் வைக்கும் சின்னத் தலையணை: கைப்பகுதியில் விழுந்த துண்டுகளை ஒட்டி, இலவம் பஞ்சு அடைத்தது. ஒட்டு தெரியாமல் இருக்கப் பின்பக்கமாக நிழல் தையல் போட்டு மேலே இலை ஓட விட்டிருக்கிறேன். கோயிலில் மாப்பிள்ளை பெண் கையில் சடங்குக்குப் பதின்மூன்று காசு கொடுப்பாரே, அதற்கு ஒரு சுருக்குப்பை. உங்கள் ஜெபமாலைக்கு ஓர் உறை. கடைசியாக மிஞ்சிய விரலகலத் துண்டுகளில் ஊசி குத்தி வைக்க ஒரு குட்டிப் புத்தகம். மூன்று விதமான வெள்ளை நூல் மிச்சம் இருந்தது. அதையும் அதிலேயே தீர்த்தேன்.

கூடவே எங்கள் ஊர் எருமைப்பால் வெண்ணெய்க்கட்டி, வாழையிலையில். பஸ்காரர் வழியில் தின்றுவிடாமல் இருக்க வேண்டும்.

உங்கள் சம்பந்தி
யூசெபியோ அபெலா


தால்
2 மார்ச் 1983

சம்பந்தி அவர்களுக்கு,

வெண்ணெய்க்கட்டி வந்தது. நல்ல உப்பு. பதிலுக்கு எங்கள் மலைக் காப்பித்தூள் அரைக் கிலோ அனுப்பியிருக்கிறேன்.

கால்சட்டையை நான் பார்க்கவில்லை. அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

கைவேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தால் ஊர்ப் பூத்தையலுக்குப் பக்கத்தில் லும்பான் தையலை வைக்க மாட்டார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் நான். உங்கள் மோதிரத் தலையணையைப் பிரித்தபோது அந்த எண்ணம் கொஞ்சம் ஆடியது. பிரிக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று.

ஆம், பிரித்தேன். நான்கையும் பிரித்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். இருபத்திரண்டு வருஷமாக மணப்பெண்களுக்குக் கவுன் தைக்கிறேன். வெட்டி விழுந்த துண்டுகளைக் காட்டினால் கவுன் எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். சாப்பாட்டு மேசையில் காகித அச்சை விரித்து, நீங்கள் ஒட்டிய முப்பத்தொரு துண்டுகளையும் அதனதன் இடத்தில் வைத்துப் பார்த்தேன். கழுத்துத் துண்டு இருக்கிறது. கைக்குழித் துண்டு இரண்டும் இருக்கின்றன. இடுப்பு வளைவுக்காகப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிறை மாதிரி இரண்டு துண்டு விழுந்திருக்க வேண்டும். உள்ளங்கை அகலம் இருக்கும். அவை இல்லை.

அந்த இரண்டும் எங்கே, சம்பந்தி?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. முதல் கேள்விக்கு உங்கள் பதில் வந்த பிறகு அதை எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.

லியோன்சியா மாரசிகன்


லும்பான்
9 மார்ச் 1983

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

காப்பி அருமை. ஒரு கோப்பை குடித்ததில் இரண்டு நாள் கண்ணை மூடவில்லை.

நான் நாலு ராத்திரி கண் எரியப் போட்ட தையலை இரண்டு மணி நேரத்தில் பிரித்தீர்களே என்று கொஞ்சம் வலித்தது. பரவாயில்லை, துணி உங்களுடையது. ஆனால் பிறையைத் திருடிவிட்டேன் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அது என்னால் ஆகாது. மனைவியின் படத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன். அப்படி இரண்டு துண்டு விழவே இல்லை. நான் அங்கே கத்தரி வைக்கவில்லை. வெட்டியது அத்தனையும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

மல்லிகைக் கொடி வலது தோளைத் தாண்டிவிட்டது.

யூசெபியோ


தால்
16 மார்ச் 1983

திரு. யூசெபியோ அபெலா அவர்களுக்கு,

நீங்கள் திருடவில்லை என்றே நம்பத் தோன்றுகிறது. திருடியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

துண்டு விழவில்லை என்றால் அந்தக் கவுனுக்கு இடுப்பு இல்லை. உங்கள் மகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஜனவரியில் அவளுக்கு இடுப்பு இருந்தது. மே மாதம் போடப்போகிற கவுனுக்கு ஏன் இல்லை?

இந்த இருபத்திரண்டு வருஷத்தில் இடுப்பு வெட்டாத கவுன் மூன்று எனக்குத் தெரியும். மூன்றுக்கும் பிறகு, ஞானஸ்நானச் சட்டை தைத்ததும் நானே. கல்யாணத்துக்கும் அதற்கும் நடுவில் எத்தனை மாதம் என்பதை உங்களுக்கு விரித்து எழுத வேண்டியதில்லை.

என் மகன் ருஃபினோ வேலை பார்க்கும் சாந்தா குரூசுக்கே பஸ் ஏறிப் போனேன். அலுவலகத்துக்கு வெளியே நிறுத்திக் கேட்டேன். "நான் அவ கையத் தவிர எதையும் தொட்டதில்லம்மா" என்று சொல்லி நடுத்தெருவில் அழுதுவிட்டான். அவன் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். அப்படியானால் இது யாருடையது என்ற கேள்வி வருகிறது.

ஒன்று, துணி எடுத்த அப்பா. இல்லையென்றால், இடுப்பு பெருத்த மகள். எது என்று நீங்களே எழுதுங்கள். பாஸ்கா முடிந்ததும் கோயிலில் ஊரறியக் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். குருத்தோலை ஞாயிறுக்குள் பதில் வராவிட்டால், வாசிக்க வேண்டாம் என்று பாதிரியாருக்குச் சொல்லிவிடுவேன்.

இந்த முறை காப்பித்தூள் அனுப்பவில்லை.

லியோன்சியா மாரசிகன்


லும்பான்
21 மார்ச் 1983

மதிப்பிற்குரிய லியோன்சியா அம்மாளுக்கு,

நான்தான் எடுத்தேன். படத்தின் மேல் கை வைத்தது பொய்.

இரண்டு துண்டும் இத்துடன் இருக்கின்றன. ஒரு கைக்குட்டைக்கு மூலை வைக்கலாம் என்று ஆசைப்பட்டுவிட்டேன். ஓரத்தில் நூல் பிடுங்கிச் சின்னச் சின்னச் சன்னல் வைத்திருக்கிறேன், பாருங்கள். திருட்டுப் புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பக்கத்து வீட்டுக் கோழி முட்டையில் ஆரம்பித்தது. என் மகளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் நல்ல பெண்.

என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாவிட்டாலும் சரி. ஓலை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.

யூசெபியோ அபெலா


தால்
26 மார்ச் 1983

திரு. யூசெபியோ அவர்களுக்கு,

உங்கள் பிறைகளைத் திருப்பி அனுப்புகிறேன்.

துணி பழுப்பேறியிருக்கிறது. மடித்த ஓரத்தில் பழைய ஊசித் துளைகள் வரிசையாக இருக்கின்றன. பாச்சை உருண்டை வாசனை இன்னும் போகவில்லை. இது பெண்கள் தோளில் போடும் துணியிலிருந்து வெட்டியது. பெட்டிக்குள் ஆறேழு வருஷம் இருந்த துணி. அது யாருடையது என்று நான் கேட்கப்போவதில்லை. அதில் கத்தரி வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்றுதான் நேற்று முழுக்க யோசித்தேன்.

செய்யாத திருட்டை ஒரு மனிதன் ஏன் ஒத்துக்கொள்கிறான்? தனக்காக ஒத்துக்கொள்ள மாட்டான். பெண்ணைப் பெற்றவன் பெண்ணுக்காக ஒத்துக்கொள்வான். எனக்குத் தேவையான பதில் அதிலேயே வந்துவிட்டது.

கவுனை அனுப்புங்கள். முடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகுதான் பாதிரியாரிடம் போவேன். அந்த அளவுக்கு மட்டும் உங்களுக்கு மரியாதை தருகிறேன்.

லியோன்சியா மாரசிகன்


லும்பான்
4 ஏப்ரல் 1983, பாஸ்கா திங்கள்

அம்மா,

கவுன் இத்துடன் வருகிறது. மூன்று மடிப்புக் காகிதத்துக்குள் இருக்கிறது. இடது தோளில் இன்னும் பூ போடவில்லை. அதைப் பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். படித்தவுடன் எரித்துவிட்டால் இன்னும் நல்லது.

கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண் கவுனைப் போட்டுப் பார்க்கக் கூடாது. இது உங்கள் ஊரிலும் இருக்கும். என் மனைவியின் அக்கா போட்டுப் பார்த்தாள். கோயில் வாசலில் மத்தியானம் வரை நின்றாள், மாப்பிள்ளை வரவில்லை. இன்றைக்கும் தனியாகத்தான் இருக்கிறாள். அதனால் இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் பயம் கொஞ்சம் கூடுதல். என் பயம் அதைவிடக் கூடுதல். இஞ்ச் டேப்பை இவள் உடம்பில் வைத்தாலே பாதி போட்டுப் பார்த்த மாதிரிதானே என்று தோன்றிவிட்டது. லிகாயாவை அளக்கவே இல்லை.

அளக்காமல் எப்படி வெட்டுவது? அவளுக்கும் எனக்கும் ஒரே உயரம். தோள் அகலமும் ஒன்றுதான். மூக்குகூட என்னுடையதுதான், பாவம். ஓட்டுத் தையல் போட்டுத் துண்டுகளை இணைத்தேன். அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்துக் கதவைச் சாத்தினேன். கவுனை நானே போட்டுக்கொண்டேன்.

ஐம்பத்திரண்டு வயது. முக்காலி மேல் நிற்கிறேன். வாயில் குண்டூசி. கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் குத்துகிறேன். கழுத்து சரியாக வந்தது. கை சரியாக வந்தது. இடுப்புக்கு வந்தபோது, என் இடுப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. தொப்புளுக்கு நேராகக் குத்திவிட்டேன். அகலமாக இருந்தால் உள்ளே பிடித்துத் தைத்துக்கொள்ளலாம், குறைவாக வெட்டினால் இந்தத் துணியை ஒட்ட முடியாது என்று மனதுக்குள் ஒரு சமாதானம். அதனால்தான் பிறை விழவில்லை. அந்த இடுப்பு என் மகளுடையது அல்ல. என் தொப்பை.

முக்காலியிலிருந்து இறங்கும்போதுதான் ஜன்னல் திறந்திருப்பதைக் கவனித்தேன். கோயில் மணியடிக்கும் ஃபாபியோ வெளியே நின்று கம்பியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வெகு நேரமாக நிற்கிறான் போலிருக்கிறது. "நல்லாத்தான் இருக்கு யூசெபியோ. மாப்பிள்ள யாரு?" என்றான். அன்றிலிருந்து அவன் வாயை மூட வாரம் ஒரு புட்டி தென்னஞ்சாராயம் போகிறது.

ஊரில் திருடன் என்று பேர் வாங்கினால் ஒரு வருஷத்தில் மறந்துவிடுவார்கள். கல்யாணக் கவுன் போட்டுக்கொண்டு முக்காலியில் நின்றவனை என் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மறக்க மாட்டார்கள். அந்த வெட்கத்தில்தான் திருடினேன் என்று எழுதினேன். என் மகளுக்கு அது கேடாக முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஃபாபியோவைச் சாட்சிக்கு அனுப்பவும் தயார். வழிச் செலவுக்கு இன்னொரு புட்டி ஆகும், அவ்வளவுதான்.

யூசெபியோ


தால்
12 ஏப்ரல் 1983

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் நம்பவில்லை. கவுனை மேசையில் விரித்த பிறகு நம்பினேன்.

முன்பக்கம் மட்டும் பானை மாதிரி தள்ளிக்கொண்டு நிற்கிறது. பிள்ளைத்தாய்ச்சிக்குக்கூட இவ்வளவு கீழே வயிறு இறங்காது. கழுத்துப் பட்டியின் உள்மடிப்பில் புகையிலைத் தூள் இருந்தது. உங்கள் மகள் புகைக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். மார்புப் பக்கத்தில் ஒரு நரைமுடி. எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்புகிறேன்.

கூடாதது போட்டுப் பார்ப்பதுதான், ஐயா. அளப்பதை யார் கூடாது என்றது? ஒரு நூலை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டு அந்த நூலை எனக்கு அனுப்புங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்குக் கத்தரி தொட அனுமதி இல்லை.

ஓலை வாசிக்கலாம் என்று உங்கள் கோயில் பாதிரியாருக்கு எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லாமல் இருந்தால் சரியாகாது. மூன்று கவுன் என்று எழுதினேன் அல்லவா? முதலாவது என்னுடையது. ருஃபினோ கல்யாணமாகி ஆறாம் மாதம் பிறந்தான். குறைமாதப் பிள்ளை என்று ஊருக்குச் சொன்னோம். நாலு கிலோ இருந்தான். என் மாமியார் சாகும்வரை என்னை நிமிர்ந்து பார்த்தது கிடையாது. அவள் பார்வை இடுப்பில் ஆரம்பித்து இடுப்பிலேயே முடியும். அந்தக் கண் எனக்கு எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. இது ருஃபினோவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். உங்கள் முக்காலியை நான் யாரிடமும் சொல்லவில்லை, இதை நீங்கள் சொல்லாதீர்கள்.

காப்பித்தூள் ஒரு கிலோ.

உங்கள் சம்பந்தி
லியோன்சியா


லும்பான்
2 ஜூன் 1983

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கல்யாணம் முடிந்து ஐந்து நாளாகிறது. வாசலில் கட்டிய மூங்கில் வளைவை இன்னும் பிரிக்கவில்லை. ஃபாபியோ மட்டும் கொஞ்சம் வாட்டமாக இருக்கிறான். கல்யாணம் நல்லபடி முடிந்ததால் வாராந்தரப் புட்டி நின்றுவிட்டதே என்ற கவலை. வீட்டில் நான் ஒருவன்தான். லிகாயா கழற்றிப் போட்ட சமையல் முன்துணி ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

விருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "நான் அப்பிடி எழுதினப்ப, ஒரு நிமிஷமாவது நீங்க நம்பிட்டீங்களா சம்பந்தி?" என்று கேட்டீர்கள். "சுட்ட பன்னித் தோல் ஆறிடும், சாப்பிடுங்க" என்றேன். நீங்கள் சிரித்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. நேரில் என்னால் முடியாது. பேனாவோடு நான் கொஞ்சம் தைரியசாலி.

உங்கள் கடிதம் வந்தது மார்ச் பத்தொன்பது, சனிக்கிழமை. அந்தக் கவுனுக்கு இடுப்பு ஏன் அகலம் என்று உலகத்திலேயே தெரிந்தவன் நான் ஒருவன்தான். முக்காலியில் நின்றவன் நான். குண்டூசி குத்தியவன் நான். இருந்தும் அன்று சாயங்காலம் அவள் கொடியில் துணி காயப்போட்டபோது, பக்கவாட்டில் நின்று பார்த்தேன். மறுநாள் காலையில் மீன் வாடை பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளினாள். நான் மேசைக்கடியில் விரல் விட்டு மாதம் எண்ணினேன். கிணற்றடியில் குடம் தூக்கினால் பார்த்தேன். பாஸ்கா வரை பதினைந்து நாள் இப்படிப் பார்த்தேன்.

திருடினேன் என்று எழுதியதற்கு முக்காலி வெட்கம்தான் காரணம் என்று சொன்னேன். அது பாதிதான் உண்மை. நீங்கள் சொன்னது உண்மையாகவே இருந்துவிட்டால் அதன் மேல் போட்டு மூட ஏதாவது ஒன்று வேண்டும் என்று, அவள் அம்மாவின் தோள்துணியை எடுத்து வெட்டினேன். "அம்மா துணிய ஏம்ப்பா வெட்டின?" என்றாள். பூச்சி அரித்துவிட்டது என்றேன். அவள் வெட்டிய துணியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, முன்துணி நாடாவை இடுப்பில் இரண்டு சுற்று இழுத்து, மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கிக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "சோறு போடவா?" என்றாள். நான் தட்டை நீட்டினேன். அதற்கு அப்புறமும், அம்மா, மிச்ச நாள் முழுக்கப் பார்த்தேன்.

கல்யாணத்தன்று கோயில் படியில், உள்ளே போவதற்கு முன், அவள் கையை விடுவித்துக்கொண்டு என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். நீங்கள் வெட்டி எடுத்த இடம் ஊசி நுழைய இடமில்லாமல் அவளோடு ஒட்டியிருந்தது. "அப்பா, இடுப்பு சரியா இருக்கா?" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கேட்டது என்னிடம் மட்டும்தான். நான் உன்னைச் சந்தேகப்பட்டேன் மகளே என்பது நாக்கு வரை வந்தது. "தோள்ல பூ நல்லா விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

யூசெபியோ